மூன்றுக்குப் பிறகு

பதினாறு வருஷமாக அவள் சோறு தின்றது தலைகீழாக எண்ணித்தான். ஒரு செய்திச் சேனலில் ஃப்ளோர் மேனேஜர் உத்தியோகம். பெயர்தான் பெரிது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செய்தி வாசிப்பவர் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. "அஞ்சு, நாலு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவாள். அதோடு வாய் மூடிக்கொள்ளும். இரண்டுக்கு இரண்டு விரல், ஒன்றுக்கு ஒரு விரல், அப்புறம் கையை நீட்டினால் நிகழ்ச்சி ஆரம்பம். கடைசி இரண்டு எண்களையும் அந்த ஸ்டூடியோவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்றுக்குப் பிறகு மைக் திறந்திருக்கும். அப்போது லேசாக ஒரு இருமல் இருமினாலும் அது ஊர் உலகத்து வீடுகளுக்கெல்லாம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரே ஒரு தடவை "ரெண்டு" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதில், மூன்று என்றால் நாக்குக்குப் பூட்டு என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் சேனலையே மூடிவிட்டார்கள். அதற்கு மட்டும் யாரும் கவுண்ட்டவுன் சொல்லவில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் புருஷன் வெடி வைத்துக் கட்டடம் இடிக்கிறவர். பாலம், புகைபோக்கி, பாழடைந்த மாடி வீடு என்று எதைச் சாய்க்க வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒலிபெருக்கியில் எண்ணிக்கொண்டிருந்த ஆள் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அத்தானே எண்ணலாம்தான். ஆனால் அவர் குரல் தண்ணீர் புகுந்த ஹாரன் மாதிரி இருக்கும். ஏழு என்றால் ஏழா, ஆறா என்று கேட்கிறவன் குழம்பிப்போவான்.

"எண்ணத் தெரிஞ்ச ஆள் நம்ம வீட்டிலேயே இருக்கு. எதுக்கு வெளிய தேடுறீங்க?" என்று அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாளாம். சோறு போடும்போது அக்கா கேட்டால் அது கேள்வியல்ல என்பது அத்தானுக்குத் தெரியும்.

அவள் புருஷன் ஏற்கெனவே அங்கேதான் வேலை. தூண்களுக்குள் வைத்த வெடிகளின் கம்பி இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுக் கட்டடத்தைவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவர் அவர்தான். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடைசி'. சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து உட்காருகிறவருக்கு இது என்ன பொருத்தமில்லாத பெயர் என்று அவள் கேலி செய்வாள். அவர் என்ன வேலை செய்கிறார் என்பது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். ஆனால் காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஒருபக்கமாகச் சாய்ந்துபோய், குடியிருந்தவர்களையெல்லாம் காலி செய்துவிட்ட அவர்கள் அடுத்து இடிக்கவிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்குள் முதல் தடவை கால் வைத்தபோதுதான் அவள் பார்த்தாள். ஒவ்வொரு தூணிலும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மெல்லிசாக ஒரு கம்பி. யாரோ ஒரு வீட்டின் சுவரில் குழந்தையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேயும் ஓர் ஓட்டை.

அவள் பயந்தாள். அதை மறைக்கவும் இல்லை. ஸ்டூடியோவில் எண்ணிக்கை தப்பினால் செய்தி வாசிப்பவர் அரை நிமிஷம் பேந்தப் பேந்த விழிப்பார், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இங்கே தப்பினால் சிரிக்க ஆள் இருக்குமா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகு கீழே இறங்குகிற எந்த எண்ணைப் பார்த்தாலும் அவளுக்கு ஆகவில்லை. சிக்னலில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் குறையக் குறைய உள்ளங்கை வியர்த்தது. லிஃப்டில் ஏறினால் கதவுக்கு மேலே ஏழு, ஆறு, ஐந்து என்று வருவதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் படியிலேயே போக ஆரம்பித்தாள். கவுண்ட்டவுன் என்று உலகத்தில் எதற்கெல்லாம் சொல்கிறார்கள். பிறந்தநாளுக்கு இத்தனை நாள், பரீட்சைக்கு இத்தனை நாள், தள்ளுபடி முடிய இத்தனை மணி நேரம். மேலே எண்ணிக்கொண்டே போனால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கீழே எண்ண ஆரம்பித்தால் போய்ச் சேருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷம் அதைச் செய்துவிட்டு இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

அத்தானுக்கு வேலையில் ஒரே சட்டம்தான். எண்ணிக்கை அறுந்தால் கையை எடு. பத்திலிருந்து ஒன்று வரைக்கும் குரல் அறுபடாமல் வந்தால்தான் அவர் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானில் இறங்கும். நடுவில் யார் 'நிறுத்து' என்றாலும் நிறுத்தம். யாரும் ஒன்றும் சொல்லாமல் எண்ணுகிற குரல் தானாக நின்றுபோனாலும் நிறுத்தம்தான். எண்ணுகிற ஆள் மயங்கி விழுந்திருக்கலாம், ரேடியோ செத்திருக்கலாம், எதையோ பார்த்து வாயடைத்துப் போயிருக்கலாம். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் கையை எடு. இத்தனை கட்டடங்களைச் சாய்த்தும் அவர் கையால் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை என்றால் இந்தச் சட்டத்தால்தான் என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாள்.

ஒத்திகை, சாமான் வைத்திருக்கும் கிடங்கின் முற்றத்தில் நடந்தது. பொத்தான் பெட்டியில் வெடிக்கம்பிக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டியிருந்தார்கள். அவள் ரேடியோவைக் கையில் பிடித்து எண்ணினாள். அவள் ரேடியோவில் சொல்வது அப்படியே ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் கேட்கும். பத்து, ஒம்பது, எட்டு என்று கண்ணாடி மாதிரி சுத்தமான குரல். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அஞ்சு, நாலு, மூணு.

அதோடு நின்றது. வலது கை தானாக எழுந்து காற்றில் இரண்டு விரல் காட்டியது. பிறகு ஒரு விரல். பல்பு எரியவில்லை. அத்தான் சட்டப்படி கையை எடுத்துவிட்டிருந்தார்.

"என்னம்மா, ஒண்ணு வரைக்கும் எண்ண மறந்துபோச்சா?"

"மறக்கல அத்தான். வாய்ல வர மாட்டேங்குது."

மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் இரண்டு விரல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணச் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் விரல் நீண்டது. கடையில் போய் ரெண்டு கிலோ வெங்காயம் என்று தாராளமாகக் கேட்பாள். மூன்றுக்குப் பிறகு வருகிற இரண்டு மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து ஆட்களுக்கு அவள் 'விரலக்கா' ஆகிவிட்டாள்.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆள் தேடவும் நேரமில்லை. கடைசி ஒத்திகையிலும் பல்பு எரியாமல் போனபோது அத்தான் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார்.

"சரி விடு. நீ மூணோட நிறுத்திக்கோ. மிச்சம் ரெண்டையும் நான் மனசுக்குள்ள எண்ணி அமுக்கிக்கிறேன். யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

அப்படியே செய்தார்கள். மூணு என்றாள், விரல் காட்டினாள், பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். அவள் புருஷன் மட்டும் தலையைச் சொறிந்தார். மூத்த சகலை என்பதால் வேலை இடத்தில் அவர் அத்தானை எதிர்த்துப் பேசுவதில்லை. கேட்டால் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்.

"சகலை, அப்ப எண்ணிக்கை அறுந்தா எப்படித் தெரியும்?"

"மூணுக்கு முன்னாடி அறுந்தா கையை எடுக்கிறேன். மூணுக்குப் பின்னாடி அறுக்கிறதுக்கு என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பெரிய பாரம் இறங்கினமாதிரி. இவ்வளவு காலம் மௌனம் என்றால் கையை எடு என்று இருந்ததை, மௌனம் என்றால் அமுக்கு என்று மாற்றிவிட்டோமே என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளேயே ஆள் எடுத்து வேலை செய்வதில் இதுதான் சங்கடம். வெளியாளாக இருந்தால் 'ஒழுங்கா எண்ணு, இல்லாட்டி நட' என்றிருப்பார். மைத்துனி என்பதால் சட்டம் வளைந்துகொடுத்தது. 'நிறுத்து' என்ற சொல்லை மட்டும் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. சொல்ல நேராது என்று நம்புகிற சொல்லை யார்தான் சொல்லிப் பார்ப்பார்கள்?

அந்த நாள் காலையில் அவளுக்கு டீ இறங்கவில்லை.

"ஏங்க, என்னமோ மனசு சரியில்ல. வேற யாரையாவது எண்ணச் சொல்லிடலாமா?"

"இப்ப போய் யாரைப் பிடிக்கிறது?" அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "எதுக்கு இப்படி நடுங்குற?"

"என் வாயால ஒரு உசுரு போயிடுமோன்னு பயமா இருக்குங்க."

"உசுரு எல்லாம் வெளிய வந்தப்புறம்தான் உன் வாய்க்கே வேலை. கடைசியா வர்றவன் நான். நான் வந்துட்டேன்னு சொன்னா உள்ள எலிகூட இருக்காது."

சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டின் உச்சியில் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினாள். அங்கே எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட்தான். மேலே நின்று பார்க்கும்போது எது தன்னுடையது என்று தெரிய வேண்டுமே.

"என்னது இது, தபால் பெட்டி மாதிரி?"

"இருக்கட்டும். போட்டுக்கிட்டுப் போங்க."

கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூடம். விடுமுறை நாள். அதன் மொட்டை மாடியில்தான் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அத்தான் கட்டடத்தின் முன்பக்கம், கான்கிரீட் தடுப்புக்குப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்பக்கம் தெரியும், பின்பக்கம் தெரியாது. பின்பக்கத்துச் சந்து முழுக்கத் தெரிவது அவளுக்கு மட்டும்தான். அந்தச் சந்தின் பக்கமாகத்தான் கட்டடம் சாயப்போகிறது. சந்தின் நடுவில் ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டியிருந்தது. சைரன், அவள் குரல் இரண்டும் முன்பக்கத்தில் ஒரு பெட்டியிலிருந்தும் பின்பக்கத்தில் இந்தப் பெட்டியிலிருந்தும் வரும்.

புருஷன் படியேறி அவளோடு மாடி வரைக்கும் வந்தார். அவள் ரேடியோவை அமுக்கிப் பார்த்தாள். பேட்டரி அடையாளத்தில் ஒரு கோடு குறைந்திருந்தது.

"இது பாதியில செத்துட்டா?"

"சாகாது. ரெண்டு மணி நேரம் தாங்கும்."

"செத்துட்டா என்னங்க பண்றது?"

அவள் குரல் நடுங்குவதைக் கேட்டதும் அவர் தன் ரேடியோவைத் திறந்து, முழுசாக சார்ஜ் ஏறியிருந்த தன் பேட்டரியை அவளுடையதில் போட்டார். அவளுடையதைத் தன்னுடையதில் போட்டுக்கொண்டார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப்போனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். கீழே சிவப்புப் பெருக்கல் குறி கேட்டைத் தாண்டிக் கட்டடத்துக்குள் நுழைந்தது. வெகு நேரம் கழித்து அது வெளியே வந்து, சந்து தொடங்கும் மேற்கு முனையில் போய் நின்றபோதுதான் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

நாலு திசையிலும் ஒவ்வொரு ஆள் நின்று, தன் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். வடக்கு சொன்னது. கிழக்கு சொன்னது. தெற்கு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது.

"மேற்கு காலி. நானும் வெளிய வந்துட்டேன்." புருஷனின் குரல்.

சைரன் ஊளையிட்டது. அது முன்பக்கத்திலிருந்து மட்டும் வருவதுபோல அவளுக்குப் பட்டது. புதியவள். இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டாள். மேலும் அந்த நேரத்தில் அவள் காதுக்குள் அவளுடைய நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. சைரன் ஓய்ந்தது. முன்பக்கத்துத் தெருக்களில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் அமைதியானது.

"ஆரம்பிம்மா," என்றார் அத்தான்.

"பத்து."

தன் குரல் அவ்வளவு பெரிதாகத் தெருவில் எழுந்து கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது அவளுக்கே அச்சமாக இருந்தது.

"ஒம்பது. எட்டு."

ஆனால் குரல் ஆடவில்லை. அதற்கும் உடம்புக்கும் சம்பந்தம் அறுந்து வருஷக்கணக்காகிறது. காய்ச்சலிலும் எண்ணியிருக்கிறாள், மாமியார் செத்த சேதி வந்த அன்றைக்கும் எண்ணியிருக்கிறாள்.

"ஏழு. ஆறு. அஞ்சு."

அப்போது பின்பக்கத்துச் சந்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"நாலு."

மஞ்சள் ஹெல்மெட். அதன் உச்சியில் சிவப்பாகப் பெருக்கல் குறி. காதை முழுக்க மூடுகிற கறுப்பு அடைப்பான்களோடு, அவர் ஒலிபெருக்கிக் கம்பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, இடது காலை அகட்டி வைத்து ஓடுகிற அந்த ஓட்டம். கட்டடம் விழப்போகிற இடத்துக்கு நேர் கீழே.

"மூணு."

அவள் சொல்லவில்லை. அதுவாகவே போய்விட்டது. நாலு போனால் மூணு போகும், அதை நிறுத்த அவளுக்கு நேரமிருக்கவில்லை.

பிறகு பூட்டு விழுந்தது.

வாய் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நிறுத்து என்று ஒரு சொல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஊரே சத்தமில்லாமல் இருந்தது. அந்த மௌனம் என்னவென்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. முன்பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் அத்தான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவள் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நொடியும், அமுக்குங்கள், அமுக்குங்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய வலது கை எழுந்திருந்தது. கண்ணெதிரே அவளுடைய இரண்டு விரல்கள். விரல்களுக்கு நடுவில் தூரத்தில் சின்னதாக அவர்.

"ரெண்டு."

பலமாகக்கூட வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வந்தமாதிரி வந்தது. தேடிய சொல் கிடைக்காமல், கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்து எறிந்திருந்தாள்.

"ரெண்டு," என்றாள் மறுபடியும். பூட்டு உடைந்துவிட்டது. அடுத்த எண்ணுக்குப் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்பது மட்டும் உறைத்தது. அதனால் அங்கேயே நின்றாள். "ரெண்டு. ரெண்டு. ரெண்டு. ரெண்டு."

தெரு முழுக்க அந்தக் குரல் திரும்பத் திரும்ப மோதியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அவள் எண்ணை மாற்றவில்லை.

ரேடியோ கரகரத்தது. "என்னம்மா ரெண்டு?" அத்தானுடைய தண்ணீர் புகுந்த ஹாரன் குரல், அதுவும் நடுங்கியது. "என்ன ஆச்சு? நீ சொல்ல மாட்டியே. ரெண்டுன்னு கேட்டதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு. கையை எடுத்துட்டேன். கேக்குதா? கையை எடுத்துட்டேன்மா."

"ரெண்டு," என்றாள் அவள்.

"கையை எடுத்துட்டேன். பெட்டிச் சாவியையும் உருவிட்டேன். போதும், நிறுத்து."

நிறுத்து. அவளுக்குக் கிடைக்காத சொல் அவர் வாயில்தான் இருந்திருக்கிறது. அவள் மாடித் தரையில் உட்கார்ந்து, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். விரல் மறுபடியும் ரேடியோவின் பொத்தானை அமுக்கியிருந்ததால் அந்த அழுகையும் ஒலிபெருக்கியில் கேட்டது. இருமல்கூட வெளியே போகக்கூடாது என்று இத்தனை வருஷம் காத்தவள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முன்பக்கத்துத் தடுப்புக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். அவளை ஒருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தவர் 'கடைசி'தான். வேர்த்து விறுவிறுத்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நல்லவேளை சகலை, நான் சொன்னதும் டக்குன்னு நிறுத்திட்டீங்க," என்றார். "பின்பக்கத்துப் பெட்டி செத்துக் கிடக்கு. சைரனே அடிக்கல. சந்துல எவனாவது வந்து நின்னா அவனுக்கு என்ன தெரியும்? அதான் நிறுத்துங்கன்னு ரேடியோல சொல்லிட்டு, பாத்துட்டு வந்துடலாம்னு ஓடுனேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? காதை வேற அடைச்சிருந்தேன். எண்ணிக்கை சத்தமே வரல. ரேடியோவும் கம்முனு இருந்துச்சு. சரி, நான் சொன்னது கேட்டுடுச்சு, நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

அத்தான் அவர் இடுப்பிலிருந்து ரேடியோவை உருவி அமுக்கினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். தட்டிப் பார்த்தார். செத்த எலி மாதிரி இருந்தது அது. அவர் அதைத் திருப்பி நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மனசுக்குள்ள ரெண்டு எண்ணி முடிச்சுட்டேன்," என்றார். "ஒண்ணு சொல்லப் போறேன். அப்பத்தான் இவ குரல் வந்துச்சு."

சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, அவள் புருஷன் ரேடியோவைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். காலையில் மொட்டை மாடியில் பேட்டரியை மாற்றியது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். இரண்டு மணி நேரம் தாங்கும் என்று அவர் சொன்னது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவள் பயந்துபோய்க் கேட்டாள், அவர் மனசு கேட்காமல் கொடுத்தார். அவளைப் பிடித்துக்கொள்ள வந்தவர் அவளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"என்மேல தப்புங்க," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு," என்றார் அத்தான். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கோபம் அவள்மேல் இல்லை. "சட்டத்தை மாத்தினவன் நான். சிரிச்சுக்கிட்டே மாத்தினேன். இவன் கேட்டான், அப்பவும் சிரிச்சேன். பழைய சட்டமா இருந்திருந்தா, நீ மூணோட வாயடைச்சு நின்ன அந்த நிமிஷமே நான் கையை எடுத்திருப்பேன். யாருக்கும் இவ்வளவு நேரம் உசுரு ஊசலாடி இருக்காது." கட்டைவிரலை வேட்டி நுனியில் திரும்பத் திரும்பத் துடைத்தார். "இனிமே ஒண்ணு வரைக்கும் எண்ணுறவங்கதான் எண்ணணும். முடியாதுன்னா சொல்லிடு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

ஆனால் இன்னொரு நாள் என்பது முடியாத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தூணிலும் வெடி இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது.

பின்பக்கத்துப் பெட்டியின் அறுந்த கம்பியைச் சேர்த்தார்கள். எல்லா ரேடியோவுக்கும் புதுப் பேட்டரி போட்டார்கள். ஒவ்வொருவரும் அமுக்கிப் பேசி, மற்றவர் கேட்டதாகச் சொன்ன பிறகுதான் தன் இடத்துக்குப் போனார். மேற்குக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு, அத்தான் சகலையிடம் சொன்னார்: "நீ போய் அவ பக்கத்துல நில்லு. வேற ஒண்ணும் பண்ண வேணாம். அவ கண்ணுக்குத் தெரியிற மாதிரி நின்னா போதும்."

மொட்டை மாடியில் அவள் மறுபடியும் ரேடியோவை எடுத்தாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. முன்னே அவள் பயந்தது நடக்கக்கூடிய ஒன்றை நினைத்து. இப்போது பயந்தது, ஒரு எண் தூரத்தில் பார்த்துவிட்டு வந்த ஒன்றை நினைத்து. இடது கையால் அவருடைய சட்டையின் நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சைரன் இந்தத் தடவை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. நாலு திசையும் காலி என்று சொல்லியாயிற்று.

"பத்து," என்றாள். ஒன்பது, எட்டு, ஏழு என்று வந்தது. அஞ்சில் குரல் ஒரு தடவை பிசிறியது. நாலு என்றாள். சந்தைப் பார்த்தாள். வெறும் சந்து, வெறும் கம்பம்.

"மூணு."

தொண்டையில் பூட்டு இறுகியது. எங்கேயும் போய்விடவில்லை அது. அவள் கட்டடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஹெல்மெட்டைப் பார்த்தாள். டேப்பின் ஒரு முனை பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்றாள்.

அவர் உதடு அசையாமல் நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒண்ணு."

இடி மாதிரி சத்தம் வந்தது. மாடித் தரை அதிர்ந்தது. கட்டடம் எப்படிச் சாய்ந்தது, எந்தப் பக்கம் முதலில் விழுந்தது என்று அப்புறம் எத்தனையோ பேர் அவளிடம் கேட்டார்கள். அவளுக்குத் தெரியாது. தூசி வந்து இருவரையும் மூடி, அது மெதுவாகக் கலைந்து, பக்கத்தில் நிற்கிறவர் முகம் மறுபடியும் தெரிகிற வரைக்கும் அவள் அந்தச் சட்டை நுனியை விடவில்லை.